புகழாளருக்கு நிலையான இடம் உண்டா?

கால்பந்தாட்டத்தில் களமிறங்குவோர் பதினொருவர். எத்துணைப் பெரிய நாடாயினும், எத்துணைத் திறமையாளர்கள் நிறைந்த நாடாயினும் இந்த எண்ணிக்கை மாறுவதில்லை. ஆகவே ஒருவருக்கு இடம் தருதல் என்பது மற்றொருவருக்கு இடம் மறுத்தலே ஆகும். இதனை நினைவிற் கொண்டே, மக்களின் பேரன்பைப் பெற்ற ஆட்டக்காரர் ஒருவருக்குத் தொடக்க அணியில் நிலையான இடம் உரியதா என்னும் வினாவை அணுகுதல் வேண்டும். அன்புடையோர் தம் தலைவருக்கு இடம் கேட்கின்றனர். அவ்விடத்தை இழக்கப்போகும் மற்றொருவரின் பெயரை அவர்கள் சொல்வதில்லை. வழக்கில் ஒரு தரப்பே பேசுகிறது. மறு தரப்பு வாய் திறவாமல் இருக்கையில் அமர்ந்திருக்கிறது.

இவ்வினாவை ஆராய்வதற்கு அண்மைக் காலத்தில் வாய்த்த சிறந்த சான்று போர்ச்சுகல் நாட்டின் கிறிஸ்டியானோ ரொனால்டோ ஆவார். அவருடைய பெருமையை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆடவர் பன்னாட்டு ஆட்டங்களில் ஈரானின் அலி தாயி அடித்திருந்த 109 கோல்கள் என்னும் சாதனையை அவர் 2021 செப்டம்பரில் கடந்தார். ஐந்து உலகக் கோப்பைத் தொடர்களிலும் கோல் அடித்த முதல் ஆடவர் என்னும் சிறப்பை 2022இல் கத்தாரில் பெற்றார். இத்தகைய ஒருவருக்கு இடம் உண்டா என வினவுவதே நன்றியின்மை என்று கருதுவோர் பலர். அவர்களுடைய கருத்தை எள்ளி நகையாடாமல், உரிய மதிப்புடன் எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

இரண்டு இரவுகள்

2022 டிசம்பர் 6. லுசைல் அரங்கில் பதினாறு அணிகள் மோதும் சுற்றில் போர்ச்சுகல் சுவிட்சர்லாந்தைச் சந்தித்தது. நம் நாட்டில் அப்போது நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை மணி. உறக்கம் விழித்துக் காத்திருந்தோர் கண்டது எதிர்பாராத காட்சி. அணித்தலைவராகிய ரொனால்டோ மாற்று ஆட்டக்காரர்களோடு அமர்ந்திருந்தார். அவருடைய இடத்தில் 21 வயது இளைஞர் கொன்சாலோ ராமோஸ் நின்றார். தேசிய அணியின் தொடக்கப் பதினொருவரில் ராமோஸ் இடம்பெற்றது அதுவே முதன்முறை. பயிற்றுநர் பெர்னாண்டோ சாண்டோசின் துணிவைக் கண்டு உலகம் வியந்தது.

அன்றைய ஆட்டத்தின் முடிவு அனைவரும் அறிந்ததே. போர்ச்சுகல் 6–1 என்னும் கணக்கில் வென்றது. அந்த இளைஞர் மூன்று கோல்கள் அடித்தார். வெற்றி உறுதியான பின்னரும் அரங்கத்தில் இருந்தோர் ரொனால்டோவின் பெயரையே சொல்லி முழங்கினர். இறுதிப் பகுதியில் அவர் களமிறங்கியபோது எழுந்த ஆரவாரம், கோல் அடித்தவருக்குக் கிடைத்த ஆரவாரத்தினும் மிகுதி என்றே தோன்றியது. அந்த ஓரிரவில் சாண்டோஸ் பேரறிஞர் எனப் போற்றப்பட்டார்.

நான்கு நாள்கள் கழிந்தன. டிசம்பர் 10 அன்று அல்துமாமா அரங்கில் காலிறுதி ஆட்டம், எதிரணி மொராக்கோ. சாண்டோஸ் அதே முடிவையே மேற்கொண்டார். ரொனால்டோ வெளியே அமர்ந்தார், ராமோஸ் ஆடினார். 42ஆம் நிமிடத்தில் யூசுப் அந்நெசீரி உயர எழும்பித் தலையால் அடித்த கோல் மொராக்கோவுக்கு முன்னிலை தந்தது. 51ஆம் நிமிடத்தில் ரொனால்டோ களமிறங்கினார். கோல் விழவில்லை. 1–0 என வென்ற மொராக்கோ, உலகக் கோப்பை அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆப்பிரிக்க அணி, முதல் அரபு அணி என்னும் வரலாற்றுப் பெருமையை அடைந்தது. ரொனால்டோ கண்ணீருடன் நடைவழியில் மறைந்த காட்சி உலகெங்கும் பலரை உருக்கியது. நான்கு நாள்களுக்கு முன் போற்றப்பட்ட சாண்டோஸ் தூற்றப்பட்டார். டிசம்பர் 15 அன்று அவர் பதவியை விட்டு விலகினார்.

முடிவு ஒன்று, ஆட்டக்காரர்கள் அவர்களே, இடையில் கழிந்தவை நான்கு நாள்கள். பாராட்டு பழியாக மாறியது ஏன்? முடிவின் நன்மை தீமைகளை எவரும் எடைபோடவில்லை. கோல் எண்ணிக்கையை மட்டுமே எடைபோட்டனர் என்பதுதான் காரணம்.

முன்பே தெரிந்தவை எவை?

ஒரு முடிவு நல்லதா தீயதா என்பதை, அது எடுக்கப்பட்ட வேளையில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டே உரைத்தல் முறை. சாண்டோஸ் முடிவெடுத்த வேளையில் தெரிந்திருந்தவை எவை?

ரொனால்டோவுக்கு அப்போது வயது 37. தொடர் தொடங்கிவிட்ட நிலையில், நவம்பர் 22 அன்று, மான்செஸ்டர் யுனைடெட் கழகத்துடனான அவருடைய உறவு முறிந்திருந்தது. அப்பருவத்தில் அக்கழகத்திலேயே அவர் பல ஆட்டங்களில் வெளியே அமர்ந்திருந்தார். உலகக் கோப்பையின் முதற்கட்டத்தில் மூன்று ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே இறங்கினார். கானாவுக்கு எதிராகப் பெனால்டி உதையில் கிடைத்த ஒரு கோலே அவருடைய கணக்கு. தென்கொரியாவுடன் நிகழ்ந்த ஆட்டத்தில் 65ஆம் நிமிடத்தில் வெளியே அழைக்கப்பட்டார். அந்த ஆட்டத்தில் போர்ச்சுகல் 2–1 எனத் தோற்றது. மேலும், உலகக் கோப்பையின் வெளியேற்றச் சுற்றுகளில் 2022 வரை அவர் ஒரு கோலும் அடித்ததில்லை என்பதும் மறுக்கவியலாத செய்தி. இவையனைத்தும் லுசைலின் ஆட்டத்திற்கு முன்பே கண்முன் இருந்தவை.

ஆட்டத்தின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். இக்காலக் கால்பந்தில் தற்காப்பு என்பது முன்கள வீரரிடமிருந்தே தொடங்குகிறது. எதிரணியின் பின்கள வீரர் பந்தைக் கைக்கொண்டதும் முன்னிற்பவர் விரைந்தோடி நெருக்குவாராயின், அவர் அவசரத்தில் பந்தை உதைத்துவிட நேரும். நெருக்காது நிற்பாராயின், அவர் தலைநிமிர்ந்து நோக்கி, வேண்டிய இடத்திற்குப் பந்தை அனுப்புவார். அந்த ஓட்டத்தின் சுமை நடுக்களத்தார் மேல் விழும். அவர்கள் களைத்தால் பின்களம் திறந்துவிடும். ஒருவர் ஓடாத ஓட்டத்தை மற்றவர்கள் பகிர்ந்து ஓட வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வயதில் மின்னலென ஓடிய கால்கள் முப்பத்தேழு வயதில் அவ்வாறு ஓட இயலாமை இயற்கை, அது குற்றமன்று. ஆனால் அவ்வியற்கையைக் கணக்கில் கொள்ளாது அணியமைத்தால் அதுவே குற்றமாகும்.

ஆகவே சாண்டோசின் முடிவுக்குத் தக்க காரணங்கள் இருந்தன. அம்முடிவு ஆறு கோல்கள் விழுந்ததால் நல்லதாகிவிடவில்லை. ஒரு கோலில் தோற்றதால் தீயதாகிவிடவும் இல்லை. மொராக்கோவின் அரணோ எளிதில் தகர்க்கத்தக்கதன்று. அன்றுவரை ஆடிய நான்கு ஆட்டங்களில் அந்த அணி வாங்கியிருந்தது ஒரே கோல். அதுவும் தம் அணியாரின் காலில் பட்டுத் தம் வலைக்குள்ளேயே சென்ற பந்து. குரோவேசியா, பெல்ஜியம், ஸ்பெயின் ஆகிய வலிய அணிகளால் இயலாதது போர்ச்சுகலாலும் இயலவில்லை. ரொனால்டோ இல்லாத ஐம்பது நிமிடங்களிலும் கோல் இல்லை. அவர் ஆடிய நாற்பது நிமிடங்களிலும் கோல் இல்லை. தோல்விக்கு அவர் இல்லாமையே காரணம் என்பார்க்கு இதுவே விடை.

இங்கிலாந்து தரும் முன்மாதிரி

இதனினும் கடினமான முடிவொன்று 1966இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது. ஜிம்மி கிரீவ்ஸ் அக்காலத்தில் அந்நாட்டின் தலைசிறந்த கோலடிப்பாளர். தம் நாட்டுக்காக ஆடிய 57 ஆட்டங்களில் 44 கோல்கள் அடித்தவர். உலகக் கோப்பையின் முதல் மூன்று ஆட்டங்களில் ஆடினார். ஆனால் கோல் அடிக்கவில்லை. பிரான்சுடன் நிகழ்ந்த மூன்றாம் ஆட்டத்தில் காலில் ஆழ்ந்த காயம் பட்டுத் தையலிட நேர்ந்தது. அவருக்கு மாற்றாக ஜெஃப் ஹர்ஸ்ட் இறங்கினார். அர்ஜென்டினாவுக்கு எதிராக வெற்றிக் கோலைத் தலையால் அடித்தவர் அவரே.

இறுதியாட்டம் நெருங்கியது. கிரீவ்சின் காயம் ஆறியிருந்தது. நாடே அவரை எதிர்பார்த்தது. பயிற்றுநர் ஆல்ஃப் ராம்சே அவரை எடுக்கவில்லை. வென்ற அணியைக் கலைக்க அவர் விரும்பவில்லை. அக்காலத்தில் உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர் இறங்கும் விதியே இல்லை. அது 1970இல்தான் வந்தது. ஆகவே தொடக்கப் பதினொருவரில் இடமில்லை என்றால் ஒரு நிமிடமும் இல்லை என்பதே பொருள். ஜூலை 30 அன்று ஹர்ஸ்ட் மூன்று கோல்கள் அடித்தார். இங்கிலாந்து 4–2 என மேற்கு ஜெர்மனியை வென்றது.

இங்கும் முன்கூறிய எச்சரிக்கையை மறத்தல் ஆகாது. 89ஆம் நிமிடத்தில் மேற்கு ஜெர்மனி கோல் அடித்து 2–2 எனச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் பந்து வேறு திசையில் உருண்டிருந்தால், ராம்சே தம் வாழ்நாள் முழுவதும் கிரீவ்சின் பெயரைக் கேட்டே வருந்தியிருப்பார். ஆயினும் அவருடைய முடிவு அப்போதும் சரியானதாகவே இருந்திருக்கும். ஏனெனில் அது அன்றைய ஆட்டத்திறன், அணியின் இசைவு ஆகியவற்றை எண்ணி எடுக்கப்பட்டது.

ஆனால் இவ்வரலாற்றில் நெஞ்சை வருத்தும் பகுதியும் உண்டு. இறுதியாட்டத்தில் ஆடிய பதினொருவருக்கே அன்று பதக்கம் வழங்கப்பட்டது. கிரீவ்சுக்குப் பதக்கம் கிடைத்தது 2009இல்; நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின். 2014இல் அப்பதக்கம் ஏலத்தில் 44,000 பவுனுக்கு விற்கப்பட்டது. 2021இல் அவர் மறைந்தார். இடம் மறுக்கப்பட்டதில் அநீதியில்லை. பங்கு மறுக்கப்பட்டதில் அநீதியுண்டு. முதல் மூன்று ஆட்டங்களில் உழைத்தவரும் வெற்றியின் பங்காளியே அல்லரோ? இடத்தையும் மதிப்பையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால் வரும் தீங்கு இது. இடம் போயிற்று என்றால் மதிப்பும் போயிற்று என எண்ணுவதாலேயே, மதிப்பைக் காக்க விரும்புவோர் இடத்தைப் பற்றிக்கொண்டு போராடுகின்றனர்.

எதிர்வாதங்கள்

ரொனால்டோவின் அன்பர்கள் கூறும் வாதங்கள் மூன்று. அவை வலியற்றவை அல்ல.

முதலாவது, அவர் களத்தில் நின்றாலே எதிரணியின் தற்காப்பாளர் இருவர் அவரைச் சூழ்வர்; மற்றவர்களுக்கு இடம் திறக்கும் என்பது. இது உண்மையே. ஆனால் அச்சம் என்பது பழைய நினைவால் மட்டும் நெடுநாள் வாழாது. ஓர் ஆட்டக்காரர் இன்று எவ்வாறு ஓடுகிறார் என்பதை எதிரணியின் பயிற்றுநர்கள் ஒளிப்படச் சுருளில் ஒவ்வொரு நொடியாகப் பார்த்தே வருகின்றனர்.

இரண்டாவது, பெரிய ஆட்டக்காரர் ஒரு நொடியில் ஆட்டத்தை மாற்றவல்லவர் என்பது. இதுவும் உண்மையே. ஆனால் இவ்வுண்மை நம் தரப்புக்கே துணை செய்கிறது. கத்தாரில் ஒவ்வோர் அணியும் ஐந்து மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்னும் விதி இருந்தது. எதிரணியினர் களைத்துச் சோர்ந்த கடைசி அரைமணியில், இளைப்பாறிய உடலோடு களமிறங்கும் ஒரு பெருந்திறலாளர் முதல் நிமிடத்தில் இறங்குபவரைக் காட்டிலும் பயன்படக்கூடும். இதற்குச் சான்றும் ரொனால்டோவிடமே உண்டு. 2024 செப்டம்பர் 8 அன்று லிஸ்பனில் ஸ்காட்லாந்துக்கு எதிரான நாடுகள் கூட்டுத் தொடர் ஆட்டத்தில் அவர் இடைவேளைக்குப் பின்னரே இறங்கினார். 88ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தார். இருக்கையில் அமர்ந்திருந்ததால் அவர் சிறுமையுற்றதாக எவரும் கூறவில்லை.

மூன்றாவது, நன்றி. ஒரு நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவரை முதுமையில் ஒதுக்கலாமா என்பது. இவ்வாதமே நெஞ்சைத் தொடுவது. இதற்கு 2016ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் விடை சொல்கிறது. ஜூலை 10 அன்று பிரான்சுக்கு எதிராக, 25ஆம் நிமிடத்திலேயே ரொனால்டோ காயமுற்றுத் தூக்குப் படுக்கையில் வெளியேறினார். அவரின்றியே அணி போராடியது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய எடெர் 109ஆம் நிமிடத்தில் அடித்த கோல் போர்ச்சுகலுக்கு முதற் பெருங்கோப்பையைத் தந்தது. அந்நேரமெல்லாம் கட்டிட்ட காலோடு களத்தின் ஓரத்தில் நின்று, தோழர்களைக் கூவி ஊக்கியவர் ரொனால்டோ. கோப்பையை உயர்த்தியவரும் அவரே. களத்தில் இல்லாதபோதும் ஒருவர் அணிக்குத் தலைவராக விளங்கலாம் என்பதை அவரைவிட நன்றாகக் காட்டியவர் எவர்? நன்றியைக் காட்டுதற்கு வழிகள் பல. தொடக்க அணியின் இடம் அவற்றுள் ஒன்றாகக் கூடாது.

வள்ளுவர் பொருட்பாலில் ஆளைத் தெரிந்து தெளிதலை ஓர் அதிகாரத்திலும், தெரிந்து வினையை ஒப்படைத்தலை அடுத்த அதிகாரத்திலும், சுற்றத்தைத் தழுவுதலை அதற்கும் அடுத்த அதிகாரத்திலும் வைத்தார். மூன்றும் அடுத்தடுத்து நிற்பன. ஆயினும் தனித்தனியே நிற்பன. வினைக்கு உரியவரைத் தேர்தல் வேறு, அன்புக்கு உரியவரை அணைத்தல் வேறு என்பதை அறிய விரும்பும் பயிற்றுநர்கள் அவ்வைப்பு முறையையே ஊன்றி நோக்கலாம்.

நிலையான இடம் தந்த தீங்கு

சாண்டோசுக்குப் பின் வந்த ராபர்ட்டோ மார்ட்டினெஸ் மாற்று வழியை மேற்கொண்டார். 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் போர்ச்சுகல் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் ரொனால்டோ தொடக்கத்திலேயே இறங்கினார். அப்போது அவருக்கு வயது 39. ஐந்து ஆட்டங்களிலும் ஒரு கோலும் இல்லை. சுலோவேனியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டி உதையை யான் ஓப்லாக் தடுத்தார். ரொனால்டோ களத்திலேயே கண்ணீர் விட்டார். அந்த ஆட்டத்திலும் பிரான்சுடன் நிகழ்ந்த காலிறுதியிலும் 120 நிமிடங்களும் அவரே ஆடினார். அணி காலிறுதியோடு திரும்பியது.

இங்கு நாம் குறைகூறுவது தோல்வியை அன்று. முதலிரண்டு ஆட்டங்களில் அவரை இறக்கியதற்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் வாராத நிலையிலும், 39 வயதுக் கால்கள் 120 நிமிடங்கள் ஓடிய நான்காம் நாளிலும், எவ்வித மறு ஆய்வுமின்றி அதே இடம் அவருக்கே அளிக்கப்பட்டதாகத் தோன்றுவதே குறை. நிலையான இடம் என்பதன் தீமை இதுவே: அது வினாவையே எழவிடாமல் செய்கிறது. அவ்விடத்திற்குரியவருக்கும் அதனால் நன்மையில்லை. ஓய்வு கொடுத்திருந்தால் ஒளிர்ந்திருக்கக்கூடிய ஒருவரைக் களைப்புற வைத்துக் கண்ணீர் விடச் செய்தது அந்த மரியாதை.

அப்படியாயின் நாற்பதில் அவருக்கு இடமே இல்லையா? அவ்வாறு கூறுவதும் அதே பிழையின் மறுபக்கமாகும். 2025 ஜூன் மாதம் மியூனிக் நகரில் நிகழ்ந்த நாடுகள் கூட்டுத் தொடரின் அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகவும், இறுதியாட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராகவும் அவர் தொடக்கத்திலேயே இறங்கினார். அத்தொடரின் முந்தைய சுற்றுகளில் குரோவேசியா, ஸ்காட்லாந்து, போலந்து ஆகிய அணிகளுக்கு எதிராக அவர் அடித்திருந்த கோல்கள் அந்த இடத்தை ஈட்டித் தந்திருந்தன. புகழ் தந்த இடமன்று. அப்பருவத்தின் உழைப்பு தந்த இடம். இரு ஆட்டங்களிலும் கோல் அடித்தார். வயதைக் காட்டி இடம் மறுப்பதும், புகழைக் காட்டி இடம் கேட்பதும் ஒன்றே. இரண்டும் இன்றைய ஆட்டத்தைப் பாராமல் பேசுவன.

முடிவாக

புகழ்பெற்ற ஆட்டக்காரருக்குத் தொடக்க அணியில் நிலையான இடம் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக ஈட்டிக்கொள்ளத்தக்க இடமே உண்டு. அவ்வாறு ஈட்டும் உரிமை புதியவருக்கும் அவருக்கும் சமமாக இருத்தல் வேண்டும். இடம் மறுக்கும் பயிற்றுநருக்கும் ஒரு கடமை உண்டு. அதனை நேரிற் சொல்லுதல் வேண்டும். தம் முடிவை ஆட்டத்துக்கு முன்பே ரொனால்டோவிடம் தாமே தெரிவித்ததாகவும், அவர் அதனை மகிழ்ந்து ஏற்கவில்லை என்றும் சாண்டோஸ் பின்னர் ஒளிவின்றிக் கூறினார். மகிழ்ந்து ஏற்க வேண்டும் என எவரும் எதிர்பார்க்கவும் இயலாது. உண்மையைச் சொல்பவரும், வருந்தியும் அதனை ஏற்பவரும் இருக்கும் அணியே அணி.

மியூனிக்கின் இறுதியாட்டத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லி முடிப்பேன். ஆட்டம் 2–2 எனச் சமநிலையில் இருக்கையில், 88ஆம் நிமிடத்தில் ரொனால்டோ இயலாமையால் வெளியேறினார். அவருடைய இடத்தில் இறங்கியவர் கொன்சாலோ ராமோஸ். கத்தாரில் அவருடைய இடத்தைப் பெற்ற அதே இளைஞர். வெற்றியைத் தீர்மானித்த பெனால்டி உதைகளில் போர்ச்சுகலின் முதல் உதையை எடுத்து வலைக்குள் சேர்த்தவரும் அவரே. களத்தின் ஓரத்தில் நின்ற ரொனால்டோவால் ஒவ்வோர் உதையையும் நேராகக் காணவும் முடியவில்லை. போர்ச்சுகல் 5–3 என வென்றபோது அவர் அழுதார். கத்தாரில் விட்டதும் கண்ணீரே. மியூனிக்கில் விட்டதும் கண்ணீரே. முன்னது இடத்தை இழந்தவரின் கண்ணீர். பின்னது, தம் இடத்தில் நின்றவரும் தோழர்களும் தேடித் தந்த வெற்றியைத் தம் வெற்றியாகவே கொண்டவரின் கண்ணீர்.